அளவு ஜாக்கெட்

செஞ்சி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். படித்தது சிவில் இன்ஜினியரிங். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. வருத்தப்படுகிற வேலையை என்னிடம் தைக்கக் கொடுப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே டேப்பை எடுத்தாலே பலருக்குப் பிடிக்காது. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு கொடுத்து, "இதே மாதிரி தெச்சிடு" என்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட்.

வல்லத்திலிருந்து வரும் ஓர் அக்கா, அதை நீட்டும்போதெல்லாம், "இன்ஜினியருக்குப் படிச்சிட்டு இன்னாத்துக்கும்மா இந்த வேலை? படிச்சதெல்லாம் வீணாப் போச்சே" என்று பெருமூச்சு விடுவார். எந்த விசேஷத்துக்கு, எப்போது வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் துணியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றார்.

"வூடு கட்டப்போறோம். நீதான் படிச்சிருக்கியே, ஒரு பிளான் போட்டுக் குடேன்."

இத்தனை நாள் பெருமூச்சையும் நினைத்துக்கொண்டு, "போட்டுடலாங்க்கா. அளவுக்கு ஒரு பழைய வூடு கொண்டாந்து குடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"இப்ப இருக்கிற வூட்டையே அளவுக்கு வெச்சிக்க. சமையல்கட்டு மட்டும் ரொம்ப டைட்டு. அங்க கொஞ்சம் லூஸ் வுட்டுப் போடு."