மூணாம் படிக்குக் கீழே

இந்த ஊரில் பாலர் பள்ளிக்கு டீச்சர் ஆகவேண்டும் என்றாலும் குழந்தைகளைப் பற்றி மட்டும் படித்தால் போதாதாம். பொதுக்கல்வி என்று சம்பந்தமே இல்லாத பாடங்கள் சிலவற்றையும் நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் உப்பு பாக்கெட்டையும் தலையில் கட்டுவார்களே, அப்படி ஏதோ என்றுதான் நினைத்தேன். நாற்பத்து நாலு வயதில் கனடாவில் காலேஜ் சேர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஆலோசகர் மேகன், என் மகள் வயசுப் பெண், பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். நட்சத்திரங்கள், நடனம், மண்பாண்டம், நீச்சல்.

"எதில் சீட் இருக்கிறது?" என்றேன்.

"எல்லாவற்றிலும். உங்களுக்கு எது பிடிக்கும்?"

எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்து, அதையே மெதுவாக மறுபடி கேட்டாள். புரியாமல் இல்லை. அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். நான் பிளஸ் டூ முடித்தபோது, திருச்சியில் அப்பா காலேஜ் வாசலில் வரிசையில் நின்றுவிட்டு வந்து, "பி.காம் கிடைச்சிருச்சும்மா" என்றார், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த மாதிரி. எனக்கும் சந்தோஷம்தான். ஒரே வருஷத்தில் கல்யாணம் வந்தது, அந்த சீட்டை விட்டு எழுந்துகொண்டேன்.

மேகனிடம் நீச்சலைத் தொட்டுக் காட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

என் வீட்டுக்காரர் மருங்காபுரிக்காரர். காய்ந்த பூமியில் பிறந்து, கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். நீச்சல் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு ஆத்துக்கு நடுவுல பொறந்துட்டு பக்கெட்டுல குளிச்சவ நீ ஒருத்திதாம்மா!"

"போங்க, உங்க கிணத்துல தண்ணி இருந்துச்சுன்னா நம்புறேன்."

ஆனால் அவர் சொன்னது நிஜம். ஸ்ரீரங்கத்தில் ஆடிப்பெருக்கன்று காவிரி படித்துறையை முட்டிக்கொண்டு போகும். அண்ணன் தொம்மென்று குதிப்பான். நான் மூணாம் படியில் நிற்பேன், என் பின்னல் அம்மா கையில். "வருஷத்துக்கு ஒரு ஆளையாவது ஆறு கேக்கும்டி" என்பாள். ஆற்றுக்குப் படைத்த கருகமணியும் காதோலையும் தண்ணீரில் ஆடி ஆடிப் போவதை, மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் காவிரி என்றால் தண்ணீரோடு அந்தப் பின்னல் இழுபடுவதும் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

வியாழக்கிழமை அம்மா போனில் அழாத குறை. "பாட்டு கீட்டு எடுக்கக் கூடாதா? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"இங்க ஆழத்தைச் சுவத்துலயே எழுதி வச்சிருக்காங்கம்மா. மூணரை அடி."

"தலையையாவது நல்லாத் துவட்டு. சளி பிடிக்கும்" என்றாள்.

நான் மாற்றவில்லை.

முதல் வகுப்பில் எல்லோரும் ஏணியில் இறங்கினார்கள். ஆற்றில் எடுத்ததும் காலை வைக்க மாட்டோம் இல்லையா? குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். மருந்து வாசனை அடித்தது. "குளிர்கிறதா?" என்றார் பயிற்சியாளர் அம்மா. அதை எங்கிருந்து விளக்குவது? ஆமாம் என்றேன்.

தண்ணீர்மேல் மல்லாந்து படுக்கச் சொன்னார். என் ஒரு கை அவர் தோளில், ஒரு கை சுவரில். ஏதோ சொன்னார், காதுக்குள் தண்ணீர் புகுந்து, அவருடைய இங்கிலீஷும் எனக்குள் ஓடிய தமிழும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. முதலில் சுவரை விட்டேன். அப்புறம் தோளை.