சலோமி அக்கா கட்டிய பச்சை நூல்

சலோமி அக்கா போய்விட்டார். காலையில் ரேணிகுண்டாவிலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

நான் பேசப் பேச போனே எழுத்தாக்கிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள், கிழவியை விட்டுவிடுங்கள்.

மெட்ராஸ் ராஜதானியின் கடைசிக் காலம். திருப்பதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அக்கா பெண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், நான் அப்போதுதான் சேர்ந்த டிரெய்னிங் நர்ஸ்.

மலை ஏறி இறங்கிக் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ விழுந்தவர்கள்தான் எங்கள் பேஷண்டுகளில் பாதி. எல்லாருக்கும் புது மொட்டை, எல்லார் தலையிலும் சந்தனம், எல்லாருக்கும் ஒரே ஆஸ்பத்திரிப் புடவை. "வெங்கடம்மா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து உட்காருவார்கள்! ஜன்னல் காற்று வேண்டுமென்று கட்டிலை வேறு மாற்றிக்கொள்வார்கள்.

அப்படித்தான் ஒருநாள்... ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வெங்கடம்மாவுக்குப் பேதியாகக் கொடுக்க வேண்டிய விளக்கெண்ணெயை, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த இன்னொரு வெங்கடம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் அக்கா. அவள் விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பெண். சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது, நாடி கைக்கு அகப்படவில்லை.

"யார் கொடுத்தது?" என்று டாக்டரம்மா கத்தினார். ஆயா மேல் போட்டுத் தப்பித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான்தாம்மா குடுத்தேன். மொதல்ல அவளப் பாருங்க, அப்பறமா என்னப் பாருங்க."

சலைன் ஏற்றினார்கள். அக்கா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. "ரெண்டு வாய் துன்னுட்டு வாக்கா" என்று ஆயா கெஞ்சியும் அசையவில்லை. மறுநாள்தான் அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அக்கா அப்போதுதான் அழுதார்.

நல்லவேளை, வேலை போகவில்லை. ஆனால் அக்கா அதோடு விடவில்லை.

அவங்க நைனா, அதாவது அப்பா, நகரியில் தறிக்காரர். தறியில் மிஞ்சிய சாய நூலைப் பந்து பந்தாகக் கொண்டுவந்து, நர்ஸுகள், ஆயாக்கள், வார்டு கூட்டுகிறவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். ஆபரேஷன் பேஷண்டுக்குச் சிவப்பு நூல். வயிற்றுப்போக்குக்கு நீலம். மருந்துக் கிண்ணத்திலும் அதே நிறம். நிறம் சேராவிட்டால் கிண்ணம் திரும்பிவிட வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்றால் பச்சை.

முதலில் கையில்தான் கட்டினோம்... அங்கே வந்தது வம்பு. எல்லார் கையிலும் ஏற்கெனவே மலையில் கட்டிய கயிறு! எங்கள் நூலையும் பிரசாதமென்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீலம் கட்டிய ஒருத்தி, "நாக்கு கூடா எர்ரதி காவாலி" என்று தெலுங்கில் சிவப்பு கேட்டு அடம்பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பக்கத்துக் கட்டிலோடு மாற்றியே கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா சிரித்தார்.

"கால்ல கட்லாம்டி. சாமி கயித்த எவளாச்சும் கால்ல கட்டிக்கினு இருப்பாளா?"

அடேங்கப்பா... அதன்பின் ஒருத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் ஆண்கள் வார்டிலும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

முதல் பச்சை அந்த விஜயபுரத்து வெங்கடம்மாவுக்குத்தான். அக்காவே தரையில் உட்கார்ந்து கட்டினார். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, என் காலத் தொடாதீங்கம்மா!"

"கம்முனு இரு. ஊட்டுக்குப் போற கால் இது."

போன வருஷம் சித்தூரில் என்னை அட்மிட் செய்தபோது கையில் பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள். மாத்திரைக்கு முன்னால் அதைக் காட்டினால் ஒரு மெஷின் "பீப்" என்கிறது. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கையிலயா கட்டிக்கிறாங்க? மாத்திக்கப் போறாங்கடி, பாத்துக்கோ!"

என்னால் இனி ரேணிகுண்டா வரை போக முடியாது. அக்கா மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். சவப்பெட்டியை மூடும் முன்னால் செய்துவிடு என்றேன்.

"கட்டிட்டேன் சித்தி. பச்சதான். கால்லதான்" என்று இப்போதுதான் சொன்னாள்...

போய் வாங்க அக்கா. ஊட்டுக்குப் போற கால் அது.