ஏரி ஓவியத்தின் வானத்தில் வந்த புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள், ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஏன் கேன் தண்ணீரில் பிரஷ் நனைக்கிறோம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பெட்டியைப் பிரித்த காலை

என் முதல் கண்காட்சி முகப்பேரில் ஒரு பல் கிளினிக்கின் மாடி ஹாலில் நடந்தது. பத்து மணிக்குத் திறப்பு. ஏழரைக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் பெட்டியைப் பிரித்தேன். சுற்றியிருந்த பழைய புடவையை விலக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. படத்தில் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். நான் வைத்தவை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. புள்ளிகள் கண்ணாடிக்கு உள்ளே, பேப்பரில் இருந்தன.

இருபத்திரண்டு படங்களையும் பிரித்தோம். ஒன்பதில் பூஞ்சை. அதில் ஒன்று, அயனம்பாக்கம் ஏரியின் விடியற்காலையை மூன்றடி அகலத்தில் வரைந்த பெரிய படம். அழைப்பிதழில் அச்சடித்திருந்ததும் அந்தப் படம்தான்.

என் மனைவி மும்தாஜ் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இவ்ளோ இறுக்கமா மூடினதுக்குள்ள இது எப்படிங்க வந்துச்சு?" என்றாள். எனக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. இறுக்கமாக மூடியதால்தான் வந்தது.

2. ஸ்ப்ரே பெயிண்டர் செய்த தப்பு

இருபத்தாறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தேன். பெயிண்ட் அடிக்கும் அறையான எங்கள் பூத்தில் தூசிதான் எதிரி. பெயிண்ட் காய்வதற்குள் ஒரு தூசி உட்கார்ந்தாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட். சூப்பர்வைசர் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், மூக்குப்பொடி கலந்து அடிச்சியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அதனால் கதவு, ஜன்னல், சந்து எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் அடைப்பது என் கையோடு வளர்ந்த பழக்கம்.

வாட்டர் கலர் அந்த வேலையில் இருக்கும்போதே வந்தது. காலை பஜ்ர் தொழுதுவிட்டு, ஷிஃப்டுக்கு முன்னால் சைக்கிளில் ஏரிக்குப் போய் ஒரு மணி நேரம் வரைவேன். வேலையை விட்ட பிறகு, கூட நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அது பத்துப் பேராகி வகுப்பாகிவிட்டது. பிரஷ் நனைக்க ஏரித் தண்ணீரையே டப்பாவில் மொண்டுகொள்வேன். ஏரியை அதன் தண்ணீராலேயே வரைவது எனக்கு ஒரு சந்தோஷம். இறைவன் இறக்கிய மழை அது, என் படத்துக்கும் கொஞ்சம் ஆகட்டும் என்று நினைப்பேன்.

கண்காட்சிக்கு ஃப்ரேமும் நானே போட்டேன். பூந்தமல்லியில் கண்ணாடி வெட்டிக் கொடுத்த கடைக்காரர், "பேப்பருக்குக் காத்து வேணும் பாய், பின்னாடி கொஞ்சம் இடம் விடுங்க" என்று தெளிவாகவே சொன்னார். என் பழைய வேலைப் புத்தி கேட்கவில்லை. தூசி போகக் கூடாது என்று நாலு பக்கமும் டேப் போட்டு அடைத்தேன். அப்போது ஐப்பசி மழை. பேப்பரில் ஈரம் இருந்தது, தண்ணீரில் பாசி இருந்தது, வெளியே போக வழி இல்லை. சுவரில் சாய்த்து வைத்த ஒரு மாதத்தில் பூஞ்சை நன்றாக வளர்ந்துவிட்டது.

3. ஜெகன் சொன்ன யோசனை

என் வகுப்பில் ஜெகன் என்று ஒருவர் வருவார். சேக்காட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அன்று படங்களை அவர் ஆட்டோவில்தான் கொண்டு வந்தோம். உள்ளே வந்து பார்த்தவர் முதலில், "இன்னா பாய், வானத்துல கொசு மொய்க்குது?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"பாய், தள்ளி நின்னு பாத்தா பறவ மாரியே கீது. அப்டியே மாட்டு. எவன் கேக்கப் போறான்?"

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பூஞ்சை வானத்தின் ஒரு மூலையில் தொடங்கி, வளைந்து, ஏரிக்கு மேலே சிதறியிருந்தது. மாலையில் கூட்டமாகத் திரும்பும் பறவைகள் அப்படித்தான் போகும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மரம் செடி தவிர உயிருள்ள எதையும் நான் வரைவதில்லை. மனிதர், மாடு, பறவை எதுவும் என் படத்தில் இருக்காது. உயிர் கொடுக்க முடியாதவன் உருவம் கொடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. மற்றவர்கள் வரைந்தால் நான் குறை சொன்னதில்லை. ஜெகன் வரையும் எருமைகளை நான் பாராட்டியிருக்கிறேன். ஆனால் என் வானம் காலியாகத்தான் இருக்கும். இப்போது கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது.

எட்டுப் படங்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தோம். பெரிய படத்தை மட்டும் நடுச்சுவரில் மாட்டினேன். அழைப்பிதழைப் பார்த்து வருகிறவர்கள் தேடுவார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், விற்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

4. வசந்தாம்மாவின் போன்

பதினொன்றரை மணிக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் வசந்தா, அறுபது வயது இருக்கும். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வீடு. எதிரே புதுக் கட்டடம் எழும்பி பால்கனியிலிருந்து தெரிந்த ஏரியை மறைத்துவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் வரதராஜன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் திக்க ஆரம்பித்துவிட்டது. இதையெல்லாம் பெரிய படத்தின் முன்னால் நின்று மும்தாஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து வீடியோ கால் போட்டு, படத்தைக் காட்டினார்.

அது பூஞ்சை என்று சொல்லிவிடலாம் என நான் பக்கத்தில் போனேன். அதற்குள் போனிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

வசந்தாம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் நாலு மாதமாக ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொல்லி மன்றாடுகிறாளாம். முப்பது வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவரை ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் கோபம் வராதா? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். அப்படிப்பட்டவர் யாரும் கேட்காமலே என் படத்தில் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினாலு வரை போனார்.

"பாய், இந்தப் படம் எங்களுக்கு வேணும். அவர் கட்டிலுக்கு எதிரில மாட்டணும்" என்றார் வசந்தாம்மா.

ஆகட்டும் என்று நான் தலையாட்டிவிட்டேன். அதை மறைக்கக் கூடாது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

லுஹர், நடுப்பகல் தொழுகை நேரம் ஆகியிருந்தது. ஹாலின் பின்னறையில் பாயை விரித்துத் தொழுதேன். சஜ்தாவில் நெற்றி வைத்தபோதும் அந்தப் புள்ளிகள்தான் தெரிந்தன. கட்டிலுக்கு எதிரே மாட்டினால் பூஞ்சை வளரும். அடுத்த மழைக்குள் ஏரியும் தெரியாமல் போகும். அதற்கும் மேலே, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி விற்பது என் மார்க்கத்தில் ஹராம். சொன்னால் அந்த மனிதர் எண்ணுவதை நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் நான் தொழுவதில் அர்த்தம் இல்லை. இரண்டையும் படைத்தவனிடமே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

"அம்மா, அது பறவை இல்ல. பூஞ்சை. என் தப்பால வந்தது. இந்தப் படத்தை உங்களுக்கு நான் கொடுக்க முடியாது."

அந்த அம்மா படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பையை மாட்டிக்கொண்டு சொன்னார். "இத அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது பாய். நீங்களே வந்து சொல்லுங்க."

5. வாத்தியார் வீடு

மறுநாள் படத்தோடு போனேன், ஜெகனும் துணைக்கு வந்தார். வாத்தியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். படத்தைக் கிட்டத்தில் பிடித்துக் காட்டி, ஏரித் தண்ணீர், ஈரம், டேப் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கோணியது. அழப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு பக்கத்து வாயால்.

"விடை... சரி. வழி... தப்பு" என்றார்.

ஜெகன், "சார் உனக்குப் பாதி மார்க் குடுத்துட்டாரு பாய்" என்றார். வசந்தாம்மா சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

வேறு படம் வரைந்து தருகிறேன் என்றேன். மொட்டை மாடியிலிருந்து இன்னும் ஏரி தெரிகிறது என்று வசந்தாம்மா சொன்னார். அடுத்த ஞாயிறு வகுப்பை அங்கேயே வைத்துக்கொண்டோம். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். கடைசிப் படிகளில் ஜெகனும் இன்னும் மூன்று பேரும் சக்கர நாற்காலியோடு வாத்தியாரைத் தூக்கி வந்தார்கள். எட்டு மாதம் கழித்து அவர் ஏரியைப் பார்த்தார். நாங்கள் ஈசல்களை விரித்து, பேப்பர் ஒட்டி, கேன் தண்ணீரை டப்பாக்களில் ஊற்றினோம். மும்தாஜ் சமோசாவும் டீயும் கொண்டு வந்திருந்தாள். வாத்தியார் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கனமான பேப்பரில் வானத்துக்கு நீர்த்த நிறத்தில் வாஷ் போட்டேன், பிறகு தண்ணீர், கரை, தூரத்துப் பனைகள் வரைந்தேன். பத்து மணிக்கு முடிந்தது. வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் படத்தை வாத்தியாரின் மடியில் பலகையோடு வைத்தேன். அவர் வானத்தைத் தடவிப் பார்த்தார். காலியாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பறவை வரையறதில்ல சார். உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, நாலாம் நம்பர் பிரஷைக் கறுப்பில் தொட்டு அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

பழகாத கை. முதல் புள்ளி விழவே வெகுநேரம் ஆனது. "ஒண்ணு" என்றார். இரண்டாவது கொஞ்சம் வழிந்துவிட்டது, கூழைக்கடா என்று வசந்தாம்மா பெயர் வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் சொன்னார். பதினேழில் பிரஷை என்னிடம் நீட்டினார்.

பிறகு ஜெகனை விரலால் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, "எண்ணு" என்றார். ஜெகன் குனிந்து எண்ணி, "பதினாறு சார்" என்றார்.

"தப்பு. திரும்ப எண்ணு."

அந்த மூன்று வார்த்தைகளும் திக்காமல் வந்தன. வகுப்பறைக் குரல். ஜெகன் தலையைச் சொறிந்துகொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பதினேழு வரை சத்தமாக எண்ணினோம். வசந்தாம்மா மும்தாஜின் தோளில் சாய்ந்து சிரித்தார்.

அந்தப் படத்துக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விட்டு ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு புள்ளியும் கூடவில்லை.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சுத்தமான தண்ணீரில் வரையுங்கள். படம் முழுதாகக் காயும்வரை கண்ணாடி போடாதீர்கள். வேலையில் நேர்ந்த தப்பை, வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னால் ஒரு படம் விற்காமல் போகும், அவ்வளவுதான் நஷ்டம் என்று அன்று நினைத்தேன். சொன்னதால்தான் அந்த மொட்டை மாடிக்குப் போனேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வகுப்பு அங்கேதான். தாமதமாக வருகிறவர்களை வாத்தியார் நிற்க வைத்து வாய்ப்பாடு கேட்கிறார். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு. போன மாதம் நானும் நின்றேன்.