ரப்பர் சீட்டில் வெட்டிய வாஷர்

பிள்ளைகளே, என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் பூட்டும் இடத்து வாஷர் கிழிந்துவிட்டது. நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். வீட்டிலிருந்த ரப்பர் சீட்டில் வட்டமாக ஒன்று வெட்டிப் போட்டேன். அடுப்பு எரிந்தது. மறுநாள் தெஹியோவிட்ட பஜாரில் புது வாஷர் கேட்டபோது, கடைக்காரரிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "தோட்டத்து ரப்பரா? கேஸ் பட்டா ஊதி இளகிருமேங்க! வீட்ல யாரு?"

"மக. சோறாக்கச் சொல்லிட்டு வந்தேன்."

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றினார். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

மகள் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றாள். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள்.

"ஏம்மா போன எடுக்கல?"

"உள்ளுக்கு இருக்குப்பா. போகப் பயமா இருந்திச்சி. மொதல்லயே கேஸ் மணந்திச்சி. அப்பா பூட்டுனதாச்சே, அப்படி இருக்காதுன்னு தீக்குச்சியக்கூட எடுத்துட்டேன். அப்பறம் மணம் கூடிக்கிட்டே வந்திச்சி, கொளுத்தாம போட்டுட்டேன்."

என் மகள் என்மேல் வைத்த நம்பிக்கையே அவளைக் கொன்றிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அன்றுதான் கற்றுக்கொண்டேன்.