ஒன்பது மில்லி கிரீஸ்

இருதய மருத்துவர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, "நாகமுத்துகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக சி.டி. ஸ்கேன் பிரிவில் இருக்கிறேன். நோயாளிகளிடம் நான் சொல்வது "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" மட்டும்தான் மேடம் என்றேன். அது பொய். என் நாட்குறிப்பைப் புரட்டியிருந்தால் தேதியோடு அகப்பட்டிருப்பேன்.

நாகமுத்து வீராம்பட்டினத்தில் படகு என்ஜின் மெக்கானிக். நெஞ்சு வலி என்று வந்தவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதியிருந்தார்கள். அந்த மாத்திரை ரத்தக் கொழுப்போடு நிற்கிறதா, இதயத்தைப் போர்த்தியிருக்கும் கொழுப்பையும் அதிலுள்ள அழற்சியையும் சேர்த்துக் குறைக்கிறதா என்று எங்கள் மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாத்திரை தொடங்கும்போது ஒரு ஸ்கேன், ஓராண்டு கழித்து இன்னொன்று. படத்தின் ஒவ்வொரு ஸ்லைஸிலும், அதாவது குறுக்கு வெட்டிலும், அந்தக் கொழுப்பின் ஓரத்தை மவுஸால் கோடு போட்டு அளப்பது என் வேலை. ஒருமுறை அளந்து, டீ குடித்துவிட்டு வந்து, முதல் அளவைப் பார்க்காமல் மறுபடி அளப்பேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வினையும் அதில்தான் வந்தது.

இரண்டாம் ஸ்கேனுக்கு மறுநாள் படம் வாங்க வந்த நாகமுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் நோட்டைத் திறந்து, "இதயத்தைச் சுத்தி இருக்கிற கொழுப்பு போன வருஷம் நூத்திப் பதினெட்டு மில்லி. இப்ப நூத்தி ஒம்பது" என்றேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி செல்வி, "இவருக்கா கொழுப்பு குறைஞ்சிருக்கு? வீட்ல ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். நான் சிரித்தேன். நாகமுத்து சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் அவருடைய கெட்ட கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டதாக மருத்துவரிடம் ஒப்புக்கொண்டார். காரணம், கிரீஸ் காய்கிறது என்று ஸ்கேன் சார் சொன்னாராம்.

"கிரீஸ்ங்கிற வார்த்தையை நான் சொல்லவே இல்லை மேடம்" என்றேன்.

"அப்ப எந்த வார்த்தையைச் சொன்னீங்க?"

அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

"அடுத்த தடவை வலி வரும்போது அந்த மனுஷர் கரையில இருப்பாரோ, கடல்ல இருப்பாரோ. நிறுத்த வெச்சது நீங்க. ஆரம்பிக்க வெக்கிறதும் நீங்கதான்" என்றார்.

நாகமுத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தொடங்குவதற்குள் அவரே கேட்டார்.

"கிரீஸ் காஞ்சா என்ஜின் இன்னா ஆவும் சார்?"

"ஜாம் ஆயிடும்."

"இது ராப்பகலா ஓடுற என்ஜின். வருஷத்துக்கு ஒம்பது மில்லி போவுது. இன்னும் பன்னெண்டு வருஷத்துல சுத்தமா காலி."

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. கணக்கில் குறை சொல்ல வழியில்லை.

இதயத்துக்கு அந்தக் கொழுப்பு ஓரளவு தேவைதான், அளவு மீறி அழற்சியும் சேர்ந்தால்தான் தொல்லை என்று விளக்கினேன். அழற்சி என்ற சொல்லுக்கு அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கடைசியில், கிரீஸில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"வழிச்சுப் போட்டுருவேன். இல்லாட்டி பேரிங்கயே தின்னுரும்."

"இதுவும் அப்படித்தான். கெட்டுப்போச்சுன்னா பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயைக் கெடுக்கும்."

அவர், "வழிச்சத நான் சாக்குல தொடச்சுப் போடுவேன். இந்த மாத்திர எடுக்கிற கொழுப்பு எங்க சார் போவும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரின் கதவைத் தட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். மாத்திரை மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது உறுதி. இந்தக் கொழுப்பை எப்படிச் சுருக்குகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்றே போய்ச் சொல்லுங்கள் என்றார். அப்படியே போய்ச் சொன்னேன்.

"மேடத்துக்கே தெரியாதா?"

"இன்னும் தெரியாதாம்."

"எல்லாம் தெரியும்னு சொல்ற மெக்கானிக்க நான் போட்ல ஏத்த மாட்டேன் சார். இவங்க பரவால்ல. போட்டுக்கிறேன்" என்று எழுந்து போனார்.

அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை; நானும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் அளந்து பாருங்கள், ஆனால் எண்ணை வெளியே சொல்லாதீர்கள். சொல்லித் தொலைத்துவிட்டால், நோயாளி அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.