மெயினருவியில் மதினியின் குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதை சொல்லித் திரிகிற ஆள் இல்லை. தென்காசியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். புளியமரத்தில் முனி இருக்கிறது என்று வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்பதற்காக அந்த மரத்தடியிலேயே எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள். இதைக் கேட்டுவிட்டு ‘டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது’ என்று சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கோமதி மதினி என் அண்ணன் மனைவி. விடிவதற்கு முன்பே காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் கூட்டுவாள். திரும்பி வந்து, படுத்த படுக்கையாகக் கிடந்த என் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள், நோயாளிக்குத் துணை இருக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு இருப்பார்கள் என்று. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் நிற்பாள். வெளியூர்ப் பெண்களுக்குத் தண்ணீர் வரத்து தெரியாது, நின்றால் நின்றுகொண்டே இருப்பார்கள். இவள் கரையில் நின்று, “ஏட்டி, போதும்! வெளிய வாங்கட்டி!” என்று கத்துவாள். முன்பின் தெரியாதவளை ஏட்டி என்று கூப்பிட்டாலும் ஒருத்தியும் கோபித்துக்கொண்டதில்லை. அப்படி ஒரு உரிமை அந்தக் குரலில்.

போன பங்குனியில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஆனியில், சாரல் தொடங்கிய நேரம், ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். வைத்தது உள்ளூர்ச் சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம். பிளக்ஸில் தலைவர் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறார், மதினி மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறாள். அவளோடு கஞ்சி காய்ச்சிய பெண்களை நாற்காலி எடுத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தலைவர் மைக்கைப் பிடித்து, “வீட்டை மறந்து ஊருக்கு உழைத்த உத்தமி” என்றார் பாருங்கள், எனக்கு உச்சந்தலையில் தீ வைத்ததுபோல் இருந்தது. வீட்டை மறந்தவளா? என் அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை, தெரியுமா உங்களுக்கு? பெற்ற மகள் நான் செய்யாததை அவள் செய்தாள்.

எழுந்து நின்று கேட்டேவிட்டேன். “அண்ணாச்சி, அவ வீட்ட மறந்தான்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

“உக்காருங்க டீச்சர், ஒரு பேச்சுக்குச் சொல்லுதது. சாப்பாடு ரெடியாயிட்டு, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்” என்றார் சிரித்துக்கொண்டே. கூட்டமும் சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். மதினியின் மகள் மீனாதான் என் கையைப் பிடித்தாள்.

“அத்தே, அம்மா இருந்தா இந்நேரம் அருவிக்கரையிலதான் நிப்பா. வாங்க, அங்கன போவோம்.”

பஸ் ஏறிப் போனோம். நல்ல பகல், வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது, அருவியில் அளவான தண்ணீர், பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். கட்டிய சேலையோடு நானும் மீனாவும் உள்ளே போய் நின்றோம். அருவிக்கடியில் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. நான் அழுதது மீனாவுக்குத் தெரிந்திருக்காது.

அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், அந்த இரைச்சலில் ஒன்று கேட்டது.

“ஏட்டி, போதும்! வெளிய வாங்கட்டி!”

இரைச்சலுக்கு மேலே எழும்பி வரவில்லை. இரைச்சலே இல்லாத இடத்திலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது. நான் மீனாவைப் பார்த்தேன், அவள் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். அதற்குள் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும், சோப்பு நுரையோடு நின்றவள்கூட, கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நாங்களும் நடந்தோம். கரையில் எங்களைக் கூப்பிட்டவர் என்று ஒருத்தரும் இல்லை. காவலுக்கு நின்றவர்கள் அதற்கப்புறம்தான் விசில் ஊதினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பெண் படியில் கால் வைத்ததும் தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு வந்து, அருவிக்கு முன்னால் பாதுகாப்புக்குக் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி, கட்டையும் கல்லுமாக விழுந்தது. நாங்கள் நின்ற இடமே கண்ணுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் வாட்ஸப்பில் ஒரு செய்தி. அருவியில் சிக்க இருந்த பெண்களைச் சங்கத் தொண்டர்கள் எச்சரித்துக் காப்பாற்றினார்களாம்! தலைவர் படத்தோடு! உடனே கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க எல்லாரும் மண்டபத்துல சாப்பிட்டுக்கிட்டு இருந்தியளே, அருவிக்கு எப்ப வந்திய?”

“யாரோ கூப்பிட்டிருக்காங்கல்லா டீச்சர்? அது நம்ம ஆளாத்தான் இருக்கும்.”

“கூப்பிட்டது கோமதி.”

 “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று வைத்துவிட்டார். உயிரோடு இருந்தபோது செய்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள், செத்த பிறகு செய்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களோ துக்கத்தில் மனசு அப்படிக் கற்பனை செய்யும் என்கிறார்கள். சரி, எனக்கும் மீனாவுக்கும் துக்கம். மற்ற பெண்களுக்கு என்ன துக்கம்? அவர்கள் மதினியைப் பார்த்ததுகூட இல்லையே. ஒருத்தி கூப்பிட்டாள், மற்றவர்கள் பார்த்துப் பின்னால் வந்தார்கள் என்றும் சொல்லிப்பார்த்தார்கள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கத்துக்காரர்கள் அதையும் தலைவர் படத்தோடு வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள்.

உங்களிடம் சொல்கிறேன். கரையேறி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றபோது, வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். கூட அவள் தங்கை, இருபது வயதுக்குள்தான் இருக்கும்.

“அக்கா, எல்லாரும் சத்தம் கேட்டுதுன்னு சொல்லுதிய, எனக்கும் கேட்டுது. ஆனா இவளுக்குப் பிறவியிலயே காது கேக்காது. எனக்கு முன்னால இவதான் திரும்பிப் பாத்தா. என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்ததே இவதான்.”

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையால் காதைப் பொத்தி வைத்திருந்தாள், உள்ளே இருப்பது வெளியே போய்விடக்கூடாது என்பதுபோல. அவர்கள் பஸ் ஏறியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.