மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு

மொன்றியல் தமிழர்களை வாரந்தவறாமல் ஸ்பானிய புரோகிரசிவ் ரொக் இசை கேட்கவைத்தவன் நான். புளுகவில்லை. கேட்டவர்களுக்குத்தான் அது தெரியாது.

அப்போது எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஞாயிறு காலையில், ஒரு மணிநேரத் தமிழ் வானொலி நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போடும் தொண்டு. பழைய இசைத்தட்டுக் கடையொன்றில், அட்டை பிடித்துப்போன ஒரே காரணத்துக்காக ஒரு ஸ்பானியக் குழுவின் சிடியை வாங்கினேன். எழுபதுகளில் பதிந்தது. முதல் பாட்டே பதினெட்டு நிமிடம். தொடக்கத்தில் மெலட்ரன் என்ற பழைய விசைப்பலகை மட்டும் தனியே இழையும்; தடிமன் பிடித்து மூக்கடைத்த வயலின்கள் கூட்டமாக வாசிப்பதுபோல ஒரு ஒலி. மூன்றாவது நிமிடத்தில் டிரம்ஸ் வந்து விழும். பிறகு மின்கிதாரில் பிளமெங்கோ நடனமெட்டு, கைதட்டல். பாடகர் வாயைத் திறப்பது ஏழாவது நிமிடத்தில்தான். அதே பாட்டின் கச்சேரிப் பதிவையும் தேடிப் பிடித்தேன். அதில் யாரோ இருமுகிறார். அந்த இருமல்கூட எனக்கு மனப்பாடம்.

இப்படி ஒன்றைத் தன்னந்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை! யாராவது ஒரேயொரு ஆள் பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். நிகழ்ச்சியை நடத்திய அண்ணையிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"உனக்கென்ன விசரே? பதினெட்டு நிமிசமோ? சனம் றேடியோவைத் தூக்கி எறிஞ்சுபோடும்."

ஒரு ஞாயிறு, மரண அறிவித்தலுக்குப் பின்னணியாகப் போடும் புல்லாங்குழல் சிடி சிக்கிக்கொண்டது. அண்ணையோ "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும்" என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். கைக்கு எட்டியது என் பையிலிருந்த ஸ்பெயின்காரர்தான். மெலட்ரனை அவர் குரலுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டேன். நிகழ்ச்சி முடியுமுன்பே தொலைபேசி அடித்தது.

"நல்ல உருக்கமான மியூசிக், தம்பி. எங்கட மாமாட முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்கும் அதையே போடுங்கோ."

அதோடு அது நிரந்தரமாகிவிட்டது. எந்தச் சாவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாமல் அண்ணை பார்த்துக்கொண்டார். ஒரேயொரு முறை, பிள்ளைகள், மருமக்கள், லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று பட்டியல் நீண்டு, பூட்டப்பிள்ளைகளுக்கு வந்த இடத்தில் டிரம்ஸ் இடித்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கோ உள்ளூரப் புளுகம், ஒரே சந்தோசம். சனம் ஒருவழியாக மூன்றாவது நிமிடத்தைக் கடந்துவிட்டதல்லவா.

மெலட்ரன் தொடங்கினால் வீடுகளில் கதை நின்றுவிடும். "உஸ், ஆரோ செத்துப்போச்சினம்" என்று சத்தத்தைக் கூட்டுவார்கள். இத்தனை கவனமான ரசிகர்கள் அந்தக் குழுவுக்கு ஸ்பெயினிலேயே கிடைத்திருக்கமாட்டார்கள்.

பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். மனைவியும் ஞாயிறுதோறும் சமைத்துக்கொண்டே எங்கள் நிகழ்ச்சியைக் கேட்பாள். அவளுடைய தாய் வன்னியில், சண்டைக்கு நடுவில் இருந்தா. நான் என் பாட்டில் புது ஸ்பீக்கர் வாங்கி, கம்பிகளை இழுத்துப் பூட்டி, ஒரு பின்னேரம் அவளைக் கூப்பிட்டேன். என் முகத்தில் பயபக்தி கொஞ்சம் கூடிப்போயிருக்கவேண்டும்.

"இதில இரும். முடியுமட்டும் ஒண்டும் கதைக்கக்கூடாது. முழுக்கக் கேளும்."

மெலட்ரன் எழுந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். டிரம்ஸ் வந்தது; பிடியை விடவில்லை. கிதார், கைதட்டல், பாட்டு, எதற்கும் அசையவில்லை. பத்தாவது நிமிடமளவில் அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிற்று. எனக்கோ ஒரே பூரிப்பு. ஆகா, இத்தனை வருடம் தேடிய ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாளே!

பாட்டு அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவோ?"

"ஐயோ, இல்லையப்பா! ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இது சும்மா பாட்டு."

"உண்மையாத்தான் சொல்லுறீங்களோ? அம்மா நல்லா இருக்கிறாவோ?"

"ஓம், ஓம், நல்லா இருக்கிறா" என்று அடித்துச் சொன்னேன். அவவின் குரலை நாங்கள் கடைசியாகக் கேட்டு இருபது நாளாகியிருந்தது.